356 கிலோமீட்டர்: சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன கேள்வியில ஆரம்பிக்குது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? ஃப்ளைட்ல எவ்வளவு நேரம்?

"இதுக்கு எதுக்குப்பா ஒரு எபிசோட், கூகுள்ல போட்டா வந்துடுமே"ன்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆபீஸ்ல என் டீம்ல ஒரு நண்பர் இருக்கார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் சென்னை. குடும்பம் யாழ்ப்பாணம். ஒருநாள் டீ குடிக்கும்போது அவர் சொன்னார்: "எங்க அம்மம்மா அடிக்கடி ஒண்ணு சொல்லுவாங்க. 'அது என்ன பெரிய தூரமே ராசா? பிளேன் ஏறினா ஒண்டரை மணித்தியாலத்தில மெட்ராஸ்.' சின்ன வயசுல நான் நம்பவே இல்ல. ஏன்னா எங்க வீட்டுல யாருமே அப்படி வந்ததில்ல."

அந்த ஒன்றரை மணி நேரம் நிஜமா? நிஜம்னா, நடுவுல அது எங்க காணாம போச்சு? அதுதான் இன்னைக்கு கதை.

முதல்ல கணக்கு

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12.99 டிகிரியில் இருக்கு. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே இருக்கும் பலாலி விமான நிலையம் 9.79 டிகிரி. தீர்க்கரேகை பார்த்தா ஒண்ணு 80.17, இன்னொண்ணு 80.07. அதாவது கிழக்கு மேற்கா கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. சென்னையில நின்னு நேர் தெற்கே ஒரு கோடு போட்டா அது பலாலி பக்கத்துல போய் நிக்கும்.

நேர் தெற்குங்கறதால பெரிய ஃபார்முலா எதுவும் வேண்டாம். ஒரு டிகிரி அட்சரேகை சுமார் 111 கிலோமீட்டர். வித்தியாசம் 3.2 டிகிரி. பெருக்கினா ஏறக்குறைய 356 கிலோமீட்டர். அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பாருங்க. சென்னையிலிருந்து திருச்சி வான்வழியா சுமார் 295. மதுரை 400-க்கு மேல. அதாவது ஒரு சென்னைக்காரருக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம்.

இப்போ நேரம். இந்த ரூட்ல பறக்கிறது ஏடிஆர்-72, ரெண்டு பக்கமும் விசிறி சுத்துற டர்போபிராப் விமானம். மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர் வேகம். 356-ஐ 500-ஆல் வகுத்தா 43 நிமிஷம். ஆனா டிக்கெட்ல சுமார் ஒண்ணேகால் மணி நேரம்னு போட்டிருக்கும். மீதி அரை மணி நேரம் எங்க போகுது?

டிக்கெட்ல இருக்கறது வானத்துல இருக்கற நேரம் இல்லை. விமானம் நின்ன இடத்திலிருந்து நகர ஆரம்பிச்சதிலிருந்து, அந்தப் பக்கம் போய் முழுசா நிக்கிற வரைக்கும் உள்ள நேரம். ரன்வே வரைக்கும் உருண்டு போகணும், வரிசையில நிக்கணும், மெதுவா மேல ஏறணும், இறங்கும்போது வேகத்தைக் குறைச்சு ஒழுங்கா வரிசைக்கு வரணும். இது 300 கிலோமீட்டருக்கும் ஒண்ணுதான், 3,000 கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதனால குட்டிப் பயணங்கள்ல இந்த 'ஓவர்ஹெட்' பெரிசா தெரியும்.

சரி, அம்மம்மா சொன்ன ஒன்றரை மணி நேரம்? அதுக்கு நாம 1947-க்குப் போகணும்.

ஒரு டகோட்டா, ரெண்டு புது நாடு

1947 டிசம்பர் 10. இந்தியாவுக்கு சுதந்திரம் கிடைச்சு நாலு மாசம்கூட ஆகலை. இலங்கைக்கு இன்னும் கிடைக்கலை, 1948 பிப்ரவரி 4-ல்தான் கிடைக்கப் போகுது. அதுக்குள்ள அவங்க ஒரு விமானக் கம்பெனி தொடங்கிட்டாங்க: ஏர் சிலோன். அதோட முதல் வழக்கமான பயணிகள் சேவை அன்னைக்குப் புறப்படுது. விமானம் டகோட்டா, பேர் 'சீதா தேவி'. ரூட்: கொழும்பு பக்கத்துல இருக்கற இரத்மலானை, அங்கிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து மெட்ராஸ்.

இங்க காங்கேசன்துறைன்னு அவங்க சொல்றது பலாலி ஓடுதளத்தைத்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம் அது. போர் முடிஞ்சதும் சும்மா கிடந்த இடம், பயணிகள் விமானத்துக்கு வந்தது.

ஒரு நிமிஷம் யோசிங்க. ஒரு நாட்டோட முதல் விமானக் கம்பெனியின் முதல் பயணம், லண்டனுக்கோ பம்பாய்க்கோ இல்லை. யாழ்ப்பாணம் வழியா மெட்ராஸுக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இரத்மலானையிலிருந்து பலாலி சுமார் 330 கிலோமீட்டர். பலாலியிலிருந்து சென்னை 356. கிட்டத்தட்ட நட்ட நடுவுல இருக்கு. அப்போ பெட்ரோல் போடத்தான் நிறுத்தினாங்களோன்னு முதல்ல நினைச்சேன். ஆனா டகோட்டா நிக்காம 2,000 கிலோமீட்டருக்கு மேல பறக்கக்கூடிய விமானம். மொத்த தூரமே 700-க்குள்ள. பெட்ரோலுக்கு நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. அப்போ எதுக்கு நின்னுது? எனக்குத் தோணுற ஒரே பதில்: அங்க ஏறவும் இறங்கவும் ஆள் இருந்தாங்க.

டகோட்டா மணிக்கு 270 கிலோமீட்டர் போகுதுன்னு வெச்சுக்குவோம். 356-ஐ வகுத்தா ஒரு மணி இருபது நிமிஷம். உருள்றது, ஏறுறது எல்லாம் சேர்த்தா ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல.

அம்மம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

அவங்க 1960-கள்ல ஒரே ஒரு தடவை அந்த விமானத்துல வந்திருக்காங்க. அவங்க அக்கா கல்யாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க, அப்பாவோட. பட்டு எடுத்துக்கிட்டு ரெண்டு நாள்ல திரும்பிட்டாங்களாம். நாம இன்னைக்கு காஞ்சிபுரம் போயிட்டு வர்ற மாதிரி.

விமானத்துக்கு முன்னாடி

இந்தப் போக்குவரத்தை விமானம் உருவாக்கலை. அது ஏற்கெனவே இருந்தது.

1849-ல் ஆறுமுக நாவலர் அச்சு இயந்திரம் வாங்க யாழ்ப்பாணத்திலிருந்து மெட்ராஸ் வந்தார். மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1857-ல் தொடங்கினப்போ அதோட முதல் பி.ஏ. பட்டதாரிகள் ரெண்டு பேர். ஒருத்தர் சி.வை. தாமோதரம் பிள்ளை, இன்னொருத்தர் விசுவநாத பிள்ளை. ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரங்க. அந்த தாமோதரம் பிள்ளைதான் பின்னாடி கலித்தொகையை ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டு வந்தார்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் 'போட் மெயில்' வந்தது. மெட்ராஸ்ல டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் கடல்ல கப்பல், தலைமன்னார்ல மறுபடி ரயில், கொழும்பு. ஒரே டிக்கெட். யாழ்ப்பாணம் போறவங்களுக்கு அது கொஞ்சம் சுத்து. தலைமன்னாரிலிருந்து மதவாச்சி வரைக்கும் போய், அங்கிருந்து மறுபடி வடக்கே ஏறணும். அந்தச் சுத்தைத்தான் விமானம் நேர் பண்ணிச்சு.

1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் தனுஷ்கோடியை அழிச்சது. பயணிகளோட வந்த ரயிலையே கடல் கொண்டு போச்சு. அதுக்கப்புறம் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடினது, 1980-களின் தொடக்கம் வரைக்கும்.

அதே 1964-ல்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். தலைமுறை தலைமுறையா தேயிலைத் தோட்டத்துல வேலை பார்த்த மலையகத் தமிழர்கள்ல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும்னு ரெண்டு அரசும் முடிவு பண்ணினாங்க. அவங்ககிட்ட யாரும் கேட்கலை. அவங்களும் இதே கப்பல்லதான் வந்தாங்க. ஒருத்தர் பட்டுப்புடவை எடுக்க விமானத்துல வந்த அதே காலத்துல, இன்னொருத்தர் பார்த்தே இராத 'சொந்த நாட்டுக்கு' ஒரு டிரங்குப் பெட்டியோட கப்பல்ல வந்தார். அம்மம்மா கதையை மட்டும் சொல்லி 'அந்தக் காலம் பொற்காலம்'னு முடிச்சுட்டா பொய்யாயிடும். அதனாலதான் இதைச் சொல்றேன்.

லிங்க் டவுன்

1979-ல் ஏர் சிலோன் மூடப்பட்டு, அதுக்குப் பதிலா ஏர் லங்கா வந்தது. 1983 ஜூலையில கலவரம். அதுக்கப்புறம் யுத்தம். பலாலி பயணிகளுக்கான இடமா இல்லாம ராணுவத் தளமா மாறுது. சென்னை–யாழ்ப்பாணம் நேர் விமானம்ங்கற விஷயமே இல்லாம போச்சு.

நெட்வொர்க் வேலை பார்க்கறவங்களுக்கு இது தெரிஞ்ச கதை. நேர் லிங்க் டவுன் ஆனா, பாக்கெட் சுத்து வழியா போகும். சென்னையிலிருந்து கொழும்பு கட்டுநாயக்க சுமார் 650 கிலோமீட்டர். அங்க இறங்கி, மறுபடி வடக்கே சாலையில ஏறக்குறைய 400 கிலோமீட்டர். 356 கிலோமீட்டர் போக வேண்டியவர் 1,050 கிலோமீட்டர் போறார். சும்மா தூரம் மட்டும் மூணு மடங்கு. பாதி வழி, வந்த திசையிலேயே திரும்பிப் போறது.

அதுவும் சாலை திறந்திருந்தால். 1990-ல் யாழ்தேவி ரயில் நின்னுது. ஏ-9 சாலை மூடப்பட்டது. மக்கள் கிளாலி கடல்நீரேரியை ராத்திரியில சின்னப் படகுகள்ல கடந்தாங்க. சுடப்படுவோமான்னு தெரியாம. பின்னாடி திருகோணமலையிலிருந்து கப்பல். சில வருஷம் உள்நாட்டு விமானம். 1998 செப்டம்பர் 29, பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் ஒண்ணு மன்னார் பக்கம் கடல்ல விழுந்தது. உள்ள இருந்த 55 பேரும் இறந்தாங்க. ஏ-9 சாலை 2002 போர்நிறுத்தத்துல திறந்து, 2006-ல் மறுபடி மூடி, யுத்தம் முடிஞ்ச பிறகுதான் நிலையா திறந்தது.

இன்னொரு திசையில போக்குவரத்து நிக்கவே இல்லை. ஆனா அதுக்கு டிக்கெட் கிடையாது. மன்னார் கரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மீன்பிடிப் படகு. 1983-க்குப் பிறகு அலை அலையா மூணு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க அகதியா தமிழ்நாட்டுக்கு வந்தாங்க. மண்டபம் முகாம் பேரைக் கேட்டிருப்பீங்க. நண்பரோட அம்மம்மாவும் 1990-ல் அப்படித்தான் வந்தாங்க. முதல் தடவை ஒன்றரை மணி நேரத்துல வந்த அதே ஆள். ரெண்டாவது தடவை வீட்டிலிருந்து கிளம்பி மண்டபம் வந்து சேர மூணு வாரம்.

இங்க டெவலப்பர்களுக்கு ஒரு தகவல். நம்ம கம்ப்யூட்டர், போன் எல்லாத்துலயும் உலகத்தோட நேர மண்டலங்களைச் சொல்ற ஒரு டேட்டாபேஸ் இருக்கும். அதுல 'ஏசியா/கொழும்பு'ன்னு ஒரு பதிவு. 1996 வரைக்கும் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒண்ணு. 1996 மே மாசம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளினாங்க. அதே வருஷம் அக்டோபர்ல அரை மணி நேரம் பின்னாடி. 2006 ஏப்ரல்ல மறுபடி இந்திய நேரத்துக்கே வந்தாங்க. நடுவுல பத்து வருஷம், சென்னையும் யாழ்ப்பாணமும் ஒரே தீர்க்கரேகையில இருந்தும் கடிகாரத்துல அரை மணி நேரம் தள்ளி இருந்தது. புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதியில பழைய நேரத்தையே வெச்சிருந்தாங்க. அதாவது ஒரே தீவுக்குள்ள, ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினா மணி மாறும். சூரியன் எல்லாருக்கும் ஒரே நேரத்துலதான் உதிச்சது.

மறுபடி 356

2009 மே மாசம் யுத்தம் முடிஞ்சது. யாழ்தேவி யாழ்ப்பாணம் ஸ்டேஷனுக்குத் திரும்ப வர 2014 அக்டோபர் வரைக்கும் ஆச்சு. 2019 அக்டோபர் 17-ல் பலாலி, 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்'னு திறக்கப்பட்டது. அன்னைக்கு சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் போய் இறங்கினது. நவம்பர் 11-லிருந்து வழக்கமான சேவை. நாலே மாசம். 2020 மார்ச்ல கொரோனா, மறுபடி மூடல். 2022 டிசம்பர் 12-ல் திரும்ப ஆரம்பம். 2024 செப்டம்பர் 1-லிருந்து இண்டிகோவும். 2025-ல் திருச்சியிலிருந்தும். நடுவுல 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட ஆரம்பிச்சாங்க. அது சுமார் 110 கிலோமீட்டர்.

இப்போ நம்ம கணக்குக்குத் திரும்புவோம். 1947 டகோட்டா: ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. இன்னைக்கு ஏடிஆர்: ஒண்ணேகால் மணி நேரம். விமானத் தொழில்நுட்பம் எங்கேயோ போயிடுச்சு. ஆனா இந்த ரூட்ல முக்கால் நூற்றாண்டுல நாம மிச்சம் பிடிச்சது இருபது நிமிஷம்.

அதே சமயம், 1990-க்கும் 2010-க்கும் நடுவுல இந்தப் பயண நேரம் நாட்களா, வாரங்களா, சிலருக்கு முடிவிலியா இருந்தது. அந்த ஆண்டுகள்ல விமானங்கள் மெதுவாகலை. கடல் அகலமாகலை. தூரத்தை நாம கிலோமீட்டர்ல அளக்கறோம். ஆனா ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கற நிஜமான தூரத்தைத் தீர்மானிக்கறது சாலையைத் திறக்கறவங்களும் மூடுறவங்களும்தான்.

கடைசி சில கிலோமீட்டர்

இந்த எபிசோடை இங்கேயே முடிச்சிருக்கலாம். 'லிங்க் திரும்ப அப் ஆயிடுச்சு, எல்லாம் சுபம்'னு. ஆனா நண்பர் போயிட்டு வந்து சொன்ன ஒண்ணு பாக்கி இருக்கு.

பலாலியைச் சுத்தி இருக்கற பகுதி வலிகாமம் வடக்கு. 1990-ல் அங்க இருந்த மக்கள் மொத்தமா இடம்பெயர்ந்தாங்க. அவங்க வீடு, தோட்டம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போச்சு. யுத்தம் முடிஞ்ச பிறகு கொஞ்சம் கொஞ்சமா நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. முழுசா இல்லை. தன்னோட காணிக்காக இன்னும் மனு போட்டுக்கிட்டு, போராட்டத்துல உட்கார்ந்துகிட்டு இருக்கற குடும்பங்கள் இருக்கு. அதாவது நாம கொண்டாடுற இந்த விமான நிலையம் நிக்கறதே அப்படிப்பட்ட ஒரு நிலத்துக்கு நடுவுலதான்.

அம்மம்மா வீடு அங்கதான் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போகாமலேயே அவங்க 2018-ல் சென்னையில இறந்துட்டாங்க. விமானம் திரும்ப ஆரம்பிக்க அடுத்த வருஷம் ஆச்சு.

நண்பர் 2024 கடைசியில அவங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு போனார். நான் கேட்டேன், "எவ்வளவு நேரம் ஆச்சு?" "சீட் பெல்ட்டைக் கழட்டுங்கன்னு சொன்னாங்க. தண்ணி பாட்டில் கொடுத்தாங்க. திரும்ப மாட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. அம்மா ஜன்னல் வழியா கீழயே பார்த்துக்கிட்டு வந்தாங்க. 'இவ்வளவுதானா, இவ்வளவுதானா'ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க."

இறங்கினதும் வீடு இருந்த இடத்தைப் பார்க்கணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. ஆட்டோக்காரருக்கு அந்த ஊர் பேர் தெரிஞ்சிருக்கு. ஓடுதளத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான். ஆனா ஒரு முள்வேலியோட ரோடு முடிஞ்சுடுச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் பனைமரம் தெரிஞ்சதாம். வீடு இருக்கா, இடிஞ்சிருக்கா, அங்கிருந்து தெரியலை. அம்மா வேலியைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னுட்டு, "சரி, வா போவம்"னு ஆட்டோல ஏறிட்டாங்க.

356 கிலோமீட்டர், ஒண்ணேகால் மணி நேரம். அதுக்கப்புறம் ரெண்டு கிலோமீட்டர், முப்பத்தி நாலு வருஷம்.

அடுத்த தடவை யாராவது "ஊருக்கு எவ்வளவு தூரம்"னு கேட்டா கூகுளைத் திறக்கறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. எந்த வழியா வந்தாங்க, எத்தனை நாள் ஆச்சு, ஏன் அந்த வழி இப்போ இல்லைன்னு. யாழ்ப்பாணமா இருக்கணும்னு இல்லை. ரங்கூன், கராச்சி, மதுரை பக்கத்துல ஒரு கிராமம், எதுவா இருந்தாலும் சரி. உங்க கதையை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வர்ற எபிசோட்ல கேட்போம்.